வேலையை விட்டு விலகும்போது: நம் உழைப்புக்குச் சாட்சி யார்?

விண்ணப்பப் படிவங்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்கும். 'உறவினரல்லாத இருவரின் பெயரும் முகவரியும்' என்று அதன் மேல் அச்சிட்டிருப்பார்கள். பெயர், பிறந்த திகதி, படித்த பாடசாலை, பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் தடங்கலின்றி எழுதிவரும் நம் இளைஞர் யுவதிகளின் பேனா அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 'முன்னர் பணிபுரிந்த இடம், விலகியதற்கான காரணம்' என்று இன்னொரு கட்டமும் இருந்துவிட்டால் சிலர் படிவத்தையே மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அப்படி மடித்த படிவமொன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்து இளைஞன் ஒருவன் ஒரு மாலைப் பொழுதில் பங்குமனைக்கு வந்தான். க.பொ.த. சாதாரண தரம் முடித்த கையோடு கொழும்புக்குப் போய் ஹாட்வெயார் கடையொன்றில் சேர்ந்தவன். ஆரம்பத்தில் சீமெந்து மூடை தூக்கினான். பிறகு சாமான் எடுத்துக் கொடுத்தான். கடைசி இரண்டு வருடங்களில் களஞ்சியத்தின் இருப்புக் கணக்கையே அவன்தான் எழுதினான். தாய்க்குச் சத்திரசிகிச்சை என்று பத்து நாள் லீவு கேட்டபோது முதலாளி மறுத்தார். இவன் போய்விட்டான். திரும்பி வந்தபோது, "நாலு வருஷம் சோறு போட்டேன், நன்றி கெட்டவன்" என்ற பேச்சும், கடைசி மாதச் சம்பளம் இல்லை என்ற பதிலும் கிடைத்தன.

இப்போது ஊருக்குக் கிட்டிய பட்டணத்தில் ஒரு கம்பனி களஞ்சிய உதவியாளர் வேண்டுமென்று விளம்பரம் செய்திருந்தது. இவனுக்கென்றே அளந்து வைத்த வேலை. ஆனால் படிவத்தில் எதை எழுதுவது?

"நாலு வருஷம் வேல செஞ்சேன் பாதர். அதுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட என்கிட்ட இல்ல. கேட்டா தரமாட்டேங்கிறாரு. அவரு பேர எழுதினா, போன் பண்ணி விசாரிப்பாங்க. என்ன சொல்லுவாரோ!"

இது அவன் ஒருவனுடைய கதையல்ல. கொழும்புக் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், தனியார் வகுப்புகளிலும், சிறு நிதி நிறுவனங்களிலும், ஏன், அரச சார்பற்ற நிறுவனங்களிலும் வேலை செய்து, மனக்கசப்போடு விலகிய பலர் இதே கட்டத்தின் முன் நிற்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இதைச் சற்று விரிவாகப் படிப்போம்.

நான்கு குறுக்கு வழிகள்

அந்த இளைஞனுக்கு நண்பர்கள் ஏற்கெனவே மூன்று ஆலோசனைகள் சொல்லியிருந்தார்கள்.

முதலாவது, அந்த நான்கு வருடங்களையும் மறைத்துவிடு, வீட்டில் இருந்ததாக எழுது என்பது. இதனால் என்ன நடக்கும்? அவனுடைய அனுபவம் முழுவதும் அழிந்துபோகும். தன் உழைப்பைத் தானே மறுதலிப்பவனுக்குப் புதியவனுக்குரிய சம்பளம்தான் கிடைக்கும்.

இரண்டாவது, கணனிக் கடையில் ஒரு கடிதத் தலைப்பு அச்சடித்து, இறப்பர் முத்திரை ஒன்றும் செய்து, தானே கையெழுத்து வைப்பது. இது பாவம் மட்டுமல்ல, போலிப் பத்திரம் என்ற குற்றமுமாகும். ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிப்பட்டுவிடும். வெளிப்படாவிட்டாலும், அது என்றாவது வெளிப்படும் என்ற பயத்தோடுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, போய் முதலாளியின் காலைப் பிடிப்பது. மன்னிப்புக் கேட்க வேண்டிய தவறு நம்மிடம் இருந்தால் கேட்பது நல்லதே. ஆனால் நான்கு வருடம் உண்மையாக உழைத்ததற்கு ஒருவன் ஏன் காலில் விழ வேண்டும்?

நான்காவது குறுக்கு வழி என்னுடையது. நானும் வழக்கம்போலப் பங்கின் கடிதத் தாளை எடுத்து, 'இவரைச் சிறு வயது முதல் நன்கறிவேன், நன்னடத்தை உள்ளவர்' என்று எழுதத் தொடங்கினேன். அரைவாசி எழுதிய பின்புதான் யோசித்தேன். இவன் பீடத்தில் உதவி செய்ததை நான் அறிவேன். களஞ்சியத்தில் எப்படிக் கணக்கு எழுதினான் என்று எனக்கு என்ன தெரியும்? ஒரு களஞ்சிய உதவியாளரைத் தேடும் முகாமையாளருக்கு என் கடிதம் எதைச் சொல்லும்? பங்குத்தந்தையின் கடிதம் மட்டும் கொண்டுவருபவனுக்கு வேறு சாட்சி இல்லை என்றுதான் அவர் எண்ணுவார். கடிதத்தைக் கிழித்துவிட்டு, இருவரும் மேசையில் அமர்ந்தோம்.

கண்ட சாட்சிகளைத் தேடுதல்

'உன் வேலையைக் கண்ணால் கண்டவர்கள் யார்?' இதுதான் நான் அவனிடம் கேட்ட முதற் கேள்வி. முதலாளியைத் தவிர வேறொருவரும் இல்லை என்றான். ஆனால் பேசப் பேசப் பெயர்கள் வந்தன. மூன்று வருடம் ஒன்றாக இருந்து, வயது போனதால் ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர். மாதத்துக்கு இரு முறை வந்து இவனோடு இருப்பைச் சரிபார்த்த பெயின்ற் கம்பனி விற்பனைப் பிரதிநிதி. கட்டட வேலைக்கு எப்போதும் அந்தக் கடையிலேயே சாமான் எடுத்து, இந்தப் பையன் எடுத்துத் தந்தால்தான் அளவு சரியாக இருக்கும் என்று சொல்லிவந்த மேசன் பாஸ் ஒருவர். இம்மூவரும் உறவினரல்லர். மூவரும் அவன் வேலையைக் கண்டவர்கள்.

பிறகு காகிதங்களைத் தேடினோம். சம்பளம் கையில் காசாகத்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் கடைசி இரண்டு வருடங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருந்தது. அதன் கணக்குக் கூற்று ஒன்று தாயின் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அதில் முதலாளியின் இலக்கமும் இவனுடைய அங்கத்துவ இலக்கமும் இருந்தன. 'துண்டுக் கடதாசிகூட இல்லை' என்றவன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே நாம் படிக்க வேண்டிய முதற் பாடம் இருக்கிறது. நம் உழைப்புக்கு முதலாளி ஒரு சாட்சி. அவரே ஒரே சாட்சியல்ல. அவர் வாய் திறக்க மறுத்தாலும் உழைப்பு நடந்தது நடந்ததுதான். அதைக் கண்ட மனிதரும், பதிந்த காகிதமும் எங்கோ இருக்கும். அவற்றைத் தேடிச் சேர்ப்பது நம் பொறுப்பு.

பழைய துண்டை மறந்துவிடலாகாது

மலையகத்தில் வாழும் நமக்கு இந்தப் பயம் புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளிக்குத் 'துண்டு' என்ற சீட்டு வேண்டியிருந்தது. இவர்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொண்டது. கடனோ தொழிலாளியின் தலையிலேயே இருந்தது. கையில் கொடுக்கப்பட்ட அந்தக் காகிதம் அவனுடைய திறமையைச் சொல்லவில்லை, விலையைத்தான் சொன்னது. 1921ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

சட்டத்தில் ஒழிந்தது மனதில் ஒழிந்துவிட்டதா? 'அவர் விட்டால்தான் நான் போகலாம், அவர் எழுதித் தந்தால்தான் நான் மனிதன்' என்ற எண்ணம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கிறது. அதுபோலவே, 'நான் எழுதித் தராவிட்டால் இவன் எங்கே போவான் பார்க்கிறேன்' என்ற எண்ணமும் துரையிடமிருந்து இன்றைய முதலாளிக்கு வந்திருக்கிறது. நற்சான்றிதழ் பற்றிய பேச்சு இவ்வளவு நெஞ்சைச் சுடுவதற்கு இதுவே காரணமென்று நான் எண்ணுகிறேன்.

மூன்று வகைச் சான்றுகள்

எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல சிக்கல்கள் வருகின்றன. பிரித்துப் பார்ப்போம்.

1. சேவைச் சான்றிதழ். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன பதவியில், என்ன வேலை செய்தார் என்பதை மட்டும் கூறுவது. இதில் புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. இது வெறும் உண்மை.

2. நற்சான்றிதழ். ஒருவருடைய நடத்தை, திறமை, நாணயம் பற்றி இன்னொருவர் தெரிவிக்கும் கருத்து. கருத்தை யாரிடமும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. மனமில்லாதவர் எழுதும் நற்சான்றிதழ் வாசிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். கிராம அலுவலர் வழங்கி, பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிட, நற்பண்புச் சான்றிதழும் இவ்வகையில் ஓரளவு அடங்கும். ஆனால் அது நாம் யார், எங்கே வாழ்கிறோம் என்பதைத்தான் சொல்லும். நம் தொழிலைப் பற்றிச் சொல்லாது.

3. சான்று கூறுவோர். படிவத்தில் நாம் பெயர் குறிப்பிடும் இருவர். இவர்களிடம் கடிதம் மூலமோ தொலைபேசியிலோ விசாரிப்பார்கள்.

ஆதரவற்ற முதலாளியிடம் நாம் கேட்க வேண்டியது முதலாவதை மட்டுமே. 'என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள்' என்று கேட்டால் மறுப்பதற்கு அவருக்கு இடமுண்டு. 'நான் இங்கே வேலை செய்த திகதிகளையும் பொறுப்பையும் மட்டும் எழுதித் தாருங்கள்' என்று கேட்டால் மறுப்பது கடினம். கோபத்தில் இருப்பவரும் திகதியை மறுக்க மாட்டார்.

விலகுவதற்கு முன் செய்ய வேண்டியவை

வேலையை விட்ட பிறகு காகிதம் தேடுவது மழை வந்த பிறகு கூரை வேய்வது போன்றது. பின்வருவனவற்றை இப்போது வேலையில் இருப்பவர்கள் இப்போதே செய்யத் தொடங்கலாம்.

• நியமனக் கடிதம் கேளுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, வேலையில் சேரும்போதே வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பது தொழில்கொள்வோரின் கடமை. 'நம்மவர்தானே, எதற்குக் கடிதம்' என்ற பேச்சில் மயங்கிவிடாதீர்கள்.

• மூலப் பத்திரங்களை ஒப்படைக்காதீர்கள். பரீட்சைச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் என்பவற்றின் பிரதிகளைக் கொடுத்தால் போதும். தேசிய அடையாள அட்டையை எவரிடமும் ஈடாக வைக்க வேண்டியதில்லை.

• ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தை எழுதி வையுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் மாதந்தோறும் இதற்குச் செலுத்த வேண்டும். இதைவிட, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் தம் பங்காக 3 வீதம் செலுத்த வேண்டும். இந்தப் பதிவுகள் வெறும் பணக் கணக்கு மட்டுமல்ல. நீங்கள் எங்கே, எந்தக் காலத்தில் வேலை செய்தீர்கள் என்பதற்கு, எந்த முதலாளியாலும் கிழித்தெறிய முடியாத சாட்சியுமாகும். கட்டப்படவில்லை என்ற சந்தேகம் இருந்தால், அடையாள அட்டையுடன் அருகிலுள்ள தொழில் அலுவலகத்துக்குச் சென்று விசாரியுங்கள்.

• ஒரு கொப்பி வைத்திருங்கள். எந்த மாதத்தில் எந்தப் பொறுப்பு கிடைத்தது, எந்த இயந்திரத்தைப் பழகினீர்கள், எத்தனை பேருக்கு வேலை பழக்கினீர்கள் என்பதை மாதம் ஒரு வரியாக எழுதுங்கள். நிறுவனத்தின் இரகசியங்களையோ வாடிக்கையாளர் விபரங்களையோ அதில் எழுத வேண்டாம். உங்கள் உழைப்பை மட்டும் எழுதுங்கள்.

• சாட்சிகளை முன்கூட்டியே கேளுங்கள். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் பெயரைப் படிவத்தில் போடக்கூடாது. 'என்னைப் பற்றி விசாரித்தால் நீங்கள் கண்டதைச் சொல்வீர்களா?' என்று கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அதே இடத்தில் இன்னும் வேலை செய்பவரின் பெயரைப் போடுவதால் அவருக்கு ஆபத்து வருமா என்றும் யோசியுங்கள்.

• திகதியைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உரியது. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. தாமாக விலகினாலும் இந்த உரிமை உண்டு. நான்கு வருடமும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு, ஒரு நாள் கோபத்தில் சாவியை மேசையில் எறிந்துவிட்டு வந்த ஒரு தகப்பனை நான் அறிவேன். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு சிறு தொகை கிடைத்திருக்கும்.

விலகும் முறை

சொல்லாமல் நின்றுவிடுவதே நம்மவரிடம் உள்ள பெரிய பிழை. சம்பள நாள் வரை வருவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். பிறகு 'வேலையைக் கைவிட்டுச் சென்றவர்' என்று முதலாளி எழுதினால் அது பொய்யாகாது. ஆகவே, எவ்வளவு மனக்கசப்பு இருந்தாலும், நியமனக் கடிதத்தில் சொன்ன முன்னறிவித்தல் காலத்தைக் கொடுத்து, எழுத்தில் அறிவித்து, சாவி, கருவி, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, அந்தப் பட்டியலில் கையொப்பம் வாங்கி வர வேண்டும். விலகற் கடிதத்தில் குறைகளைக் கொட்ட வேண்டாம். அந்தக் கடிதம் கோப்பில் நெடுங்காலம் இருக்கும்.

அதே நேரத்தில் இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். நீங்கள் விலக விரும்பாதபோது, 'நீயாகவே விலகுவதாக எழுதித் தா, நல்ல சான்றிதழ் தருகிறேன்' என்று எவராவது கேட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டாரோடும் தொழிற்சங்கத்தோடும் அல்லது தொழில் அலுவலகத்தோடும் பேசுங்கள். நியாயமின்றி நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குரிய காலம் ஆறு மாதம் மட்டுமே. தாமாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்தவர் அங்கே போய் நிற்பது மிகக் கடினம்.

சேவைச் சான்றிதழ் கேட்கும் கடிதம் இப்படி இருக்கலாம்:

'ஐயா,
தங்கள் நிறுவனத்தில் ........ திகதி முதல் ........ திகதி வரை ........ ஆகப் பணிபுரிந்தேன். எனது சேவைக்காலத்தையும் நான் வகித்த பொறுப்பையும் குறிப்பிட்டு ஒரு சேவைச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அங்கு வேலை பழகக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.
இப்படிக்கு, ........'

இதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் சிட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதத்தின் பின் இன்னொரு முறை அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அந்த இரண்டு சிட்டைகளும், நீங்கள் முறையாகக் கேட்டீர்கள், அவர்தான் தரவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

'ஏன் விலகினீர்கள்?'

நேர்முகப் பரீட்சையில் இக்கேள்வி வந்தே தீரும். இரண்டு விதமான பதில்கள் நம்மைக் கெடுக்கும். ஒன்று, பழைய முதலாளியைத் திட்டித் தீர்ப்பது. கேட்பவர், 'நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவான்' என்று நினைப்பார். மற்றது, பொய் சொல்வது.

சுருக்கமான உண்மையே நல்ல பதில். அந்த இளைஞனும் நானும் பலமுறை பேசித் திருத்திய பதில் இதுதான்: 'அங்கே நான்கு வருடம் வேலை பழகினேன். தாயின் சிகிச்சைக்காக வரவேண்டியிருந்தது. அதில் முதலாளிக்கும் எனக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டது. அவரிடம் விசாரித்தால் நல்லதாகச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். என் வேலையை நேரில் கண்ட மூவரின் பெயரைத் தந்திருக்கிறேன். தயவுசெய்து அவர்களிடமும் கேளுங்கள்.' இதில் பழிச்சொல் இல்லை. ஒளிவும் இல்லை. கெட்ட செய்தியை அடுத்தவர் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் அதன் விஷம் குறைந்துவிடும்.

இப்போதும் வேலையில் இருந்துகொண்டு வேறு இடத்துக்கு விண்ணப்பிப்பவர்கள், 'நியமனம் உறுதியாகும்வரை தற்போதைய நிறுவனத்துடன் தொடர்புகொள்ள வேண்டாம்' என்று படிவத்திலேயே குறிப்பிடலாம். இது எவரும் தவறாக எண்ணாத வேண்டுகோள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சான்றிதழ் தர மறுக்கும் முதலாளிகள் எல்லோரும் கொடியவரல்லர். காசு குறைந்திருக்கலாம், வேலைக்குக் குடித்துவிட்டு வந்திருக்கலாம், அடிக்கடி சொல்லாமல் நின்றிருக்கலாம். குற்றம் நம்முடையதாயின், உண்மை சொல்லும் முதலாளியை எதிரியாக்கக் கூடாது. அப்போது செய்யவேண்டியது, தவறை ஒப்புக்கொண்டு, இழப்பை ஈடுசெய்து, அதன்பின் திருந்தி நடந்த காலத்துக்குச் சாட்சிகளைத் தேடிக்கொள்வதுதான்.

இறைவார்த்தையின் ஒளியில்

தொடக்கநூல் 31ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். யாக்கோபு தன் மாமன் லாபானிடம் இருபது வருடம் வேலை செய்தான். லாபான் சம்பளத்தைப் பத்து முறை மாற்றினான். கடைசியில் யாக்கோபு சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிடுகிறான். லாபான் துரத்தி வந்து கிலயாது மலைநாட்டில் பிடித்துக்கொள்கிறான். இரண்டு பக்கத்திலும் பிழை இருந்ததை வேதாகமம் மறைக்கவில்லை. அதுமட்டுமல்ல, யாக்கோபுக்குத் தெரியாமல் ராகேல் தகப்பன் வீட்டுச் சிலைகளைத் திருடி வந்திருக்கிறாள். அந்தச் சிறு பொதி அகப்பட்டிருந்தால் இருபது வருட நேர்மையும் ஒரு நொடியில் வீணாகியிருக்கும். கடையின் சாமான் ஒரு ஆணியேனும் நம் பையில் வரக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் யாக்கோபு நிமிர்ந்து நின்று பேசும் இடத்தைக் கவனியுங்கள். பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் எப்படித் தாங்கினான், காட்டு விலங்கு கடித்த ஆட்டுக்கு யார் நட்டம் ஏற்றது, எந்த வேலைக்கு எத்தனை வருடம் என்று கணக்காகச் சொல்கிறான். தன் உழைப்பின் கணக்கை அறிந்தவன் நடுங்குவதில்லை. முடிவில் இருவரும் கற்களைக் குவித்து, அந்தக் குவியலைத் தங்களுக்கிடையே சாட்சியாக வைத்து, ஒன்றாக உணவருந்திப் பிரிகிறார்கள். நண்பர்களாகப் பிரியவில்லை. ஆனால் ஒருவரையொருவர் அழிக்காமல் பிரிந்தார்கள். மனக்கசப்போடு விலகுபவர்களுக்கு அதுவே போதும்.

இன்னொரு பக்கம், புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய சிறிய கடிதம் இருக்கிறது. ஓடிப்போன அடிமையான ஒனேசிமுக்காக அவனுடைய எசமானுக்கே எழுதிய பரிந்துரை அது. பவுல் அவனுடைய பழைய குறையை மறைக்கவில்லை. தாம் கண்ட புதிய மனிதனைப் பற்றிச் சொல்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் தாமே தருவதாகப் பொறுப்பேற்கிறார். சான்று கூறுவதென்றால் இப்படித்தான் கூற வேண்டும்.

நாமும் முதலாளிகளே

இதை எழுதும் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் பொறுப்பாயிருந்த ஒரு நிலையத்தில் கிராம மட்ட ஊக்குவிப்பாளராகப் பணிபுரிந்த யுவதி ஒருத்தி, வேறு நிறுவனத்துக்குப் போக விரும்பி என்னிடம் கடிதம் கேட்டாள். நாங்கள் பயிற்றுவித்த பிள்ளை. திட்டமோ நடுவழியில் நின்றது. எனக்கு மனவருத்தம். மறுக்கவில்லை. 'பார்ப்போம்' என்றேன். அடுத்த வாரம் வரச் சொன்னேன். அடுத்த வாரம் நான் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மூன்று முறை பஸ்ஸில் வந்து திரும்பினாள். நான்காவது முறை வரவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டதென்று பிறகு இன்னொருவர் மூலம் அறிந்தேன்.

அவளுடைய வேலையில் ஒரு குறையும் நான் காணவில்லை. சங்கங்களின் கணக்குப் புத்தகங்கள் அவள் கையில் சீராக இருந்தன. அந்த உண்மையை ஒரு தாளில் எழுதப் பத்து நிமிடம் போதும். எழுதாமல் விட்டேன். பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற எட்டாம் கட்டளையைப் பல வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு, மெய்ச்சாட்சியை அடக்கி வைப்பதும் அதே கட்டளைக்கு எதிரானது என்று அன்று தோன்றவில்லை. நான் அவள் கையில் துண்டைக் கொடுக்க மறுத்த துரையாகிவிட்டேன். பிறகு அவளைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு, கடிதத்தையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் போன வாய்ப்பை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தொழிலாளரின் உரிமை பற்றித் திருச்சபை 1891இல் வெளிவந்த 'ரேரும் நோவாரும்' முதல் பேசிவருகிறது. அந்தப் பேச்சு நம் முன்பள்ளி ஆசிரியைக்கும், நம் நிலையத்தின் சாரதிக்கும், நம் சமையற்கட்டில் வேலை செய்பவருக்கும் பொருந்த வேண்டும். இப்போது நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுதான்: விலகுபவர் எவராயினும், கோபத்தோடு போனாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு வாரத்துக்குள் சேவைச் சான்றிதழ் அவர் கைக்குப் போக வேண்டும். நற்சான்றிதழ் எழுதுவதானால் நான் கண்டதை மட்டும் எழுதுவேன். காணாததை 'நன்கறிவேன்' என்று எழுதமாட்டேன்.

அந்த ஹாட்வெயார் இளைஞனுக்கு முதலில் விண்ணப்பித்த வேலை கிடைக்கவில்லை. கடைசி மாதச் சம்பளத்துக்காகத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்திருக்கிறான், விசாரணை நடக்கிறது. சில மாதங்களின் பின் இன்னோர் இடத்தில் விண்ணப்பித்தான். அங்கே ஓய்வுபெற்ற காசாளருடன் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். மூன்று மாதப் பரீட்சார்த்த காலத்தில் இப்போது வேலை செய்கிறான். சேர்ந்த அன்றே நியமனக் கடிதத்தின் பிரதியொன்றைத் தாயின் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னான்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. நம் கிராமத்திலிருந்து வெளியே வேலைக்குப் போயிருப்பவர்களில் எத்தனை பேரிடம் நியமனக் கடிதம் இருக்கிறது? ஒரு பட்டியல் தயாரியுங்கள்.

2. உங்கள் ஒவ்வொருவருடைய உழைப்பையும் நேரில் கண்ட, உறவினரல்லாத மூவரின் பெயரை எழுதுங்கள். அவர்களிடம் எப்போது சம்மதம் கேட்பீர்கள்?

3. 'ஏன் விலகினீர்கள்?' என்ற கேள்விக்குப் பழிச்சொல்லோ பொய்யோ இல்லாத பதிலை இருவர் இருவராகப் பேசிப் பழகுங்கள்.

4. நம் பங்கிலும் சங்கங்களிலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் யார் யார்? அவர்கள் நாளை விலகினால் கையில் என்ன கொண்டுபோவார்கள்?

5. தொழில் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரை நம் இளைஞர் கூட்டத்துக்கு அழைத்து, ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை பற்றி விளக்கம் பெற என்ன ஏற்பாடு செய்யலாம்?